போர்டு சும்மாதான் இருந்தது: ஒரு பழைய ஆக்டேன் மந்தமான கதை

சுட்டியால் மாடலைப் பிடித்து இழுத்தால் ஐந்து எண்ணும் வரை திரையில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரே தாவலாக வேறொரு கோணத்தில் வந்து நிற்கும். மறுபடி இழுத்தால் மறுபடியும் ஐந்து. இதுதான் எனக்கு வந்த புகார்.

இயந்திரம் ஒரு எஸ்ஜிஐ ஆக்டேன், அதாவது சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் பழைய முப்பரிமாண வொர்க்ஸ்டேஷன். ஓர் ஆய்வகத்தில், அளவெடுத்த பரப்புகளை முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்ப்பதற்கென்றே வைத்திருந்தார்கள். பார்க்கும் நிரல் அவர்களே பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது. அதன் மூலநிரலும் பத்திரமாக இருந்தது, கம்பைலரும் அதே இயந்திரத்தில் இருந்தது. இவை இரண்டில் ஒன்று தொலைந்திருந்தாலும் இந்த வேலை பாதியில் நின்றிருக்கும். பழைய வொர்க்ஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் வன்பொருளைக் காப்பாற்றும் அளவுக்கு மூலநிரலையும் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஆக்டேன் 1997-ல் வெளிவந்த வரிசை. இதில் 195 மெகாஹெர்ட்ஸ் ஆர்10000 செயலி ஒன்று, 256 எம்பி நினைவகம், எஸ்ஐ வகை கிராபிக்ஸ் போர்டு. இயங்குதளம் எஸ்ஜிஐயின் யூனிக்ஸ் வகையான ஐரிக்ஸ் 6.5. வன்பொருளைப் பட்டியலிடும் ஹின்வ் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன், எல்லாம் பட்டியலில் சரியாக இருந்தது.

"போர்டு போயிடுச்சு சார். மாற்றுப் போர்டு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், மாட்டிக் கொடுத்தா போதும்" என்றார் அந்த ஆய்வாளர்.

"ஒரு நாள் கொடுங்க சார். அளந்து பார்த்துட்டு மாட்டலாம்" என்றேன்.

தயங்கியதற்குக் காரணம் உண்டு. ஆக்டேனில் கிராபிக்ஸ் போர்டு எக்ஸ்ஐஓ என்ற வேகமான இணைப்பில் உட்காருகிறது. அந்த இணைப்பான் சாதாரணப் பின்கள் கொண்டதல்ல, அழுத்தித் தொடுதல் ஏற்படுத்தும் மென்மையான வகை. விரல் பட்டாலோ தூசி ஒட்டினாலோ கெட்டுப்போகும், சரிசெய்வதும் கடினம். காரணம் தெரியாமல் கழற்றி மாட்டினால், நன்றாக இருக்கும் இயந்திரத்துக்கு நாமே நோயைக் கொடுத்ததாகிவிடும்.

எது மந்தம்?

"ஸ்லோவா இருக்கு" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கும். நிரல் திறக்கவே நேரமாவது ஒன்று. சாளரங்களை நகர்த்துவது, மெனு இறங்குவது போன்ற இருபரிமாண வேலைகள் இழுப்பது இன்னொன்று. முப்பரிமாண மாடல் மட்டும் இழுப்பது மூன்றாவது. முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் நாள் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கும்.

அவரை எப்போதும்போல வேலை செய்யச் சொல்லிவிட்டு அருகில் உட்கார்ந்து பார்த்தேன். சாளரங்களை நகர்த்தினால் ஒரு தடங்கலும் இல்லை. இருபரிமாண வரைதல் வேகத்தை அளக்கும் எக்ஸ்11பெர்ஃப் சோதனையில் சாளர நகல், கோடு வரைதல் எல்லாம் சுறுசுறுப்பாகவே ஓடின. ஐரிக்ஸுடன் வரும் முப்பரிமாண டெமோக்களில் ஒன்றைத் திறந்தேன், அதுவும் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் அவருடைய நிரலின் ஐகானைச் சொடுக்கினால், சாளரம் வருவதற்கே அரை நிமிடம்போல ஆனது. வந்த பிறகு அந்த ஐந்து எண்ணும் காத்திருப்பு.

டெமோ ஓடுகிறது என்றால் போர்டு வேலை செய்கிறது. அந்த ஒரு சோதனையிலேயே மாற்றுப் போர்டு யோசனையை ஒதுக்கி வைத்திருக்கலாம். ஆனாலும் அவருக்குக் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி வரும் என்று ஓஎஸ்வியூவைப் பக்கத்தில் திறந்து வைத்தேன். ஐரிக்ஸில் இருக்கும் மிக நல்ல கருவிகளில் இது ஒன்று. செயலியின் நேரம் எங்கே போகிறது என்பதோடு, கிராபிக்ஸ் பகுதியில் நொடிக்கு எத்தனை முறை திரை மாற்றப்படுகிறது, போர்டின் கட்டளை வரிசை நிரம்பி வழிந்ததால் நிரல் எத்தனை முறை காத்திருந்தது என்பதையும் காட்டும். போர்டுதான் திணறுகிறது என்றால் இந்தக் காத்திருப்பு எண் எகிற வேண்டும். இங்கே அது பூஜ்ஜியத்திலேயே கிடந்தது. செயலியோ முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. போர்டுக்கு வேலையே வந்து சேரவில்லை.

அப்படியானால் செயலியைத் தின்பது யார்? டாப் கட்டளையில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேலே நின்றது அவருடைய நிரல் அல்ல. இன்னொரு இயந்திரத்துக்குள் மறைகுறியாக்கத்துடன் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், அதற்கு எதிர்முனையான எஸ்எஸ்ஹெச்டி, அப்புறம் திரையில் வரையும் எக்ஸ் சர்வர். நிரல் நான்காவதாகத்தான் இருந்தது. நெட்வொர்க்கே தேவைப்படாத ஒரு வேலைக்கு நடுவில் மறைகுறியாக்கம் எங்கிருந்து வந்தது?

படம் போகும் பாதை

ஐகானுக்குப் பின்னால் இருந்த ஸ்கிரிப்டைத் திறந்தேன். நிரலை நேரடியாக ஓட்டாமல், ஒரு சர்வரின் பெயரைச் சொல்லி, அதற்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, அங்கே நிரலை ஓட்டி, திரையை மட்டும் இங்கே கொண்டுவரச் சொல்லியிருந்தது. தரவைச் சுருக்கி அனுப்பும் விருப்பத்தேர்வும் போடப்பட்டிருந்தது.

"இந்த சர்வர் எங்கே சார் இருக்கு?"

"அது போய் ரொம்ப நாளாச்சே. அதுல இருந்த டேட்டா எல்லாம் இதுக்கே மாத்திட்டோம்."

ஒரு காலத்தில் கணக்கீடுகளுக்கென்று தனியாக ஒரு பெரிய ஐரிக்ஸ் சர்வர் இருந்திருக்கிறது. நிரல் அதில் ஓடும், படம் மட்டும் ஆக்டேனில் தெரியும். சர்வரை ஓய்வுபெறச் செய்தபோது, ஒவ்வொரு ஸ்கிரிப்டாகத் தேடித் திருத்துவதற்குப் பதிலாக, இயந்திரப் பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஆக்டேனின் சொந்த வரியிலேயே பழைய சர்வரின் பெயரையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எல்லாமே உடனே வேலை செய்திருக்கும். ஆனால் அன்றிலிருந்து இந்த இயந்திரம் தனக்குத்தானே போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது.

இதன் விலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள எக்ஸ் அமைப்பைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1987-ல் எக்ஸ்11 வந்தபோதே, வரையச் சொல்லும் நிரலும் வரைகிற சர்வரும் வேறு வேறு இயந்திரங்களில் இருக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. முப்பரிமாணத்தில் வரைவதற்கான கட்டளைத் தொகுப்பான ஓபன்ஜிஎல்லை இதனுடன் சேர்க்கும் ஜிஎல்எக்ஸும் அதே வழியில் போகிறது. நிரலும் திரையும் ஒரே இயந்திரத்தில் இருந்தால், நிரல் எக்ஸ் சர்வரைத் தாண்டி நேராகக் கிராபிக்ஸ் போர்டுடன் பேசலாம், இது நேரடி வரைதல். வேறு இயந்திரம் என்றால் ஒவ்வொரு ஓபன்ஜிஎல் கட்டளையும் பைட்டுகளாகக் கட்டப்பட்டு, இணைப்பு வழியே எக்ஸ் சர்வருக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, அதன் பிறகே போர்டுக்குப் போகும். மறைமுக வரைதலிலும் கடைசியில் வரைவது அதே போர்டுதான், அதனால் படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சுற்றுவழி மட்டும் நீளம். கண்ணுக்குத் தெரியாத நோய் என்பதால்தான் இது இத்தனை நாள் பிடிபடவில்லை.

உறுதிப்படுத்துவது எளிது. சாதாரண டெர்மினலில், வரைதல் எந்த வகை என்று சொல்லும் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவை ஓட்டினேன், நேரடி வரைதல் 'ஆம்' என்றது. அதே கட்டளையை அந்த ஸ்கிரிப்டின் வழியே ஓட்டினேன், 'இல்லை' என்றது. படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஸ்பிளே மாறியின் மதிப்பு முதலாவதில் ':0', இரண்டாவதில் 'லோக்கல்ஹோஸ்ட்:10.0'. எஸ்எஸ்ஹெச் உருவாக்கும் சுரங்கப்பாதையின் அடையாளம் அந்தப் பத்து. முன்பு பார்த்தவர்கள் எல்லோரும் டெர்மினலில் இருந்துதான் சோதித்திருக்கிறார்கள், பயனர் மட்டும் ஐகானைச் சொடுக்கியிருக்கிறார். பயனர் எந்த வழியாக நிரலைத் திறக்கிறாரோ அதே வழியாக நாமும் திறந்து பார்க்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இந்த ஆய்வு முழுவதும் திரும்பிய இடம் இதுதான்.

இப்போது ஒரு கணக்கு. அவருடைய மாடலில் சுமார் 30,000 முக்கோணங்கள். நிரல் ஒவ்வொரு முக்கோணத்தையும் தனித்தனியாக வரைகிறது: தொடக்கம், நிறத்துக்கான மெட்டீரியல் கட்டளை, மூன்று முனைகள், ஒவ்வொரு முனைக்கும் ஒரு செங்குத்துத் திசை (நார்மல்), முடிவு. ஜிஎல்எக்ஸ் வடிவத்தில் தொடக்கத்துக்கு 8 பைட், முடிவுக்கு 4, மெட்டீரியலுக்கு 28, ஒரு முனைக்கு 16, அதன் திசைக்கு இன்னொரு 16. ஆக ஒரு முக்கோணத்துக்கு 136 பைட். 30,000 முக்கோணங்களுக்கு 40,80,000 பைட். மாடலை ஒருமுறை திருப்பி வரைய, ஒரே ஒரு ஃபிரேமுக்கு (ஒரு முழுப் படத்துக்கு), நாற்பது லட்சம் பைட்டுக்கு மேல். 100 மெகாபிட் ஈதர்நெட் முழுவேகத்தில் ஓடினாலும் நொடிக்கு மூன்று ஃபிரேம்தான் கடத்த முடியும். இங்கே அந்த நாற்பது லட்சத்தையும் அதே 195 மெகாஹெர்ட்ஸ் செயலி சுருக்க வேண்டும், மறைக்க வேண்டும், அப்புறம் அதே செயலியே மறைப்பை அவிழ்த்து விரிக்கவும் வேண்டும். ஐந்து எண்ண வேண்டியிருந்ததில் வியப்பே இல்லை.

"முன்னெல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுமே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதற்கும் இதிலேயே பதில் இருந்தது. அந்த நாளில் அவர்களுடைய மாடல்கள் இரண்டாயிரம் முக்கோணங்களுக்குள் அடங்கியவை. அளவெடுக்கும் கருவி மாறியதும் மாடல் பதினைந்து மடங்கு பெருத்தது. பாதை எப்போதும் குறுகலாகத்தான் இருந்தது, இப்போது அதில் போகும் சுமை கூடிவிட்டது.

ஸ்கிரிப்டை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் வரியை நீக்கி, நிரலை நேரடியாக ஓட்டும்படி மாற்றினேன். சாளரம் திறக்க ஆன அரை நிமிடமும் கூடவே போய்விட்டது. வருகிறவரின் முகவரிக்கு உரிய பெயரை எஸ்எஸ்ஹெச்டி ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் (பெயர்-முகவரி சொல்லும் சர்வர்) கேட்டுக்கொண்டிருந்தது, அந்த சர்வரும் எப்போதோ நிறுத்தப்பட்ட ஒன்று. பதில் வராத கேள்விக்காகக் காத்திருந்த நேரம் அது. ரிசால்வ் கோப்பில் உயிரோடு இருக்கும் சர்வரின் முகவரியைப் போட்டு அதையும் சரிசெய்தேன்.

நொடிக்கு நான்கு

மாடல் இப்போது நொடிக்கு நான்கு ஃபிரேம் வேகத்தில் திரும்பியது. ஆய்வாளர் எழுந்து வந்து கை கொடுத்தார். எனக்கு அது போதவில்லை. அதே போர்டில் டெமோ ஓடிய வேகத்தைப் பார்த்த பிறகு நான்கு என்பது குறைவு.

இந்த இடத்தில் நான் எப்போதும் செய்யும் முதல் சோதனை, சாளரத்தைக் கால்வாசியாகச் சுருக்கிப் பார்ப்பது. வேகம் கூடினால் புள்ளிகளை நிரப்புவதில்தான் நேரம் போகிறது. மாறாவிட்டால் சிக்கல் அதற்கு முன்னால், முனைகளைக் கணக்கிடுவதிலோ நிரல் கட்டளைகளை அனுப்புவதிலோ இருக்கிறது. சுருக்கினேன். நான்கு நான்காகவே இருந்தது.

அடுத்தது, மூலநிரலில் முனைகளை அனுப்பும் ஜிஎல்வெர்டெக்ஸ் அழைப்புகளை எல்லாம் தற்காலிகமாக ஜிஎல்நார்மல் அழைப்புகளாக மாற்றிக் கம்பைல் செய்வது. செயலி பார்க்க வேண்டிய வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஆனால் முனையே வராததால் போர்டு எதையும் வரையாது. இதிலும் வேகம் மாறவில்லை என்றால் போர்டு குற்றவாளி அல்ல. திரை காலியாக இருந்தது, எண் நான்கைவிட ஒரு மயிரிழைதான் கூடியது. ஓஎஸ்வியூவில் வரிசைக் காத்திருப்பு இன்னமும் பூஜ்ஜியத்தை ஒட்டியே கிடந்தது. போர்டு இன்னமும் சும்மாதான் இருக்கிறது, செயலியால் அதற்கு ஈடுகொடுத்து ஊட்ட முடியவில்லை.

நிரலில் முதலில் கண்ணில் பட்டது மெட்டீரியல் கட்டளை. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அளவீட்டுக்கு ஏற்ப ஒரு நிறம் தர, ஒவ்வொரு முறையும் ஜிஎல்மெட்டீரியலை அழைத்திருந்தார்கள். ஒளியமைப்பின் கணக்குகளையே தொடும் கனமான அழைப்பு அது. கலர் மெட்டீரியல் வசதியை ஒருமுறை இயக்கிவிட்டு, வெறும் ஜிஎல்கலரால் நிறத்தை மாற்றினால் அதே படம் கிடைக்கும். இந்த ஒரு மாற்றத்தில் நான்கு ஏழானது.

அப்புறம் டிஸ்பிளே லிஸ்ட். மாடல் மாறுவதில்லை, பார்க்கும் கோணம்தான் மாறுகிறது. மாறாத ஒன்றை ஒவ்வொரு ஃபிரேமிலும் முனை முனையாகச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒருமுறை பதிந்து வைத்துக்கொண்டு, அடுத்த முறையிலிருந்து 'அந்தப் பட்டியலை வரை' என்று ஒரே அழைப்பில் சொல்லலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. மறைமுக வரைதலில் டிஸ்பிளே லிஸ்ட் எக்ஸ் சர்வர் பக்கமே தங்கிவிடும், அதை அழைக்கும் கட்டளை வெறும் 8 பைட். இந்த நிரல் தொடக்கத்திலேயே அப்படி எழுதப்பட்டிருந்தால், அந்த வீணான எஸ்எஸ்ஹெச் சுற்றுவழியிலும் நாற்பது லட்சம் பைட் முதல் ஃபிரேமுக்கு மட்டும்தான் போயிருக்கும். பாதையும் நிரலும் தனித்தனிக் குறைகளாகத் தெரிந்தன. உண்மையில் ஒன்று மற்றொன்றைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

லிஸ்ட் போட்டதும் எண் 14-ல் வந்து நின்றது. சின்னச் சின்னதாக என்ன திருத்தினாலும் அசையவில்லை. இந்த மாதிரி பிடிவாதமாக நிற்கும் எண்ணைப் பார்த்தால் திரையின் புதுப்பிப்பு வேகத்தை நினைக்க வேண்டும். மானிட்டர் 72 ஹெர்ட்ஸ். ஒரு தளத்தைக் காட்டிக்கொண்டே மறைவில் இன்னொன்றில் வரையும் இரட்டைத் திரைத்தள முறையில், தளங்களின் மாற்றம் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்கும். அதனால் கிடைக்கக்கூடிய வேகங்கள் 72, 36, 24, 18, 14.4, 12 என்று படிக்கட்டாகத்தான் இருக்கும். நடுவில் நிற்க இடமில்லை. நாம் பத்து சதவீதம் மேம்படுத்தினாலும் அடுத்த படியை எட்டாவிட்டால் பலன் கண்ணுக்கே தெரியாது. இதை அறியாமல், நல்ல திருத்தத்தை 'பயனில்லை' என்று திருப்பி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓஎஸ்வியூவில் இப்போதுதான் முதன்முறையாக வரிசைக் காத்திருப்பு எண் ஏறியது. கடைசியில் போர்டு உழைக்கத் தொடங்கியிருந்தது! இனி அதன் சுமையைக் குறைத்தால் பலன் உண்டு. தனித்தனி முக்கோணங்களைப் பட்டைகளாகக் கோத்தேன். பட்டையில் ஒவ்வொரு புது முனையும் ஒரு முக்கோணத்தைச் சேர்க்கும், மூன்று முனை தேவையில்லை. முக்கோணம் முழுவதும் ஒரே நிறமாக வரும் தட்டை நிறமுறையில் பட்டையின் ஒவ்வொரு முக்கோணமும் தன் கடைசி முனையின் நிறத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், முக்கோணத்துக்கு ஒரு நிறம் என்ற அவர்களுடைய தேவையும் கெடவில்லை. எண் ஒரு படி ஏறி 18-க்கு வந்தது.

ஒரு விட்டுக்கொடுத்தல் இருந்தது. நிற அளவுகோலை நகர்த்தினால் லிஸ்டைப் புதிதாகக் கட்ட வேண்டும், அப்போது ஒரு சின்னத் தடங்கல் தெரியும். அவரிடம் காட்டினேன். "திருப்பிப் பார்க்கிறதுதான் நாள் முழுக்க. இது எப்பவோ ஒரு தடவை" என்றார்.

சரிசெய்ய முடியாத ஒன்று

நிரலில் சமவரைகளை வண்ணப் பட்டைகளாகக் காட்டும் ஒரு முறை இருக்கிறது. அதை இயக்கினால் எல்லா வேகமும் மறுபடி சரிந்தது. அதே சாளரச் சோதனையைச் செய்தேன். இந்த முறை கால்வாசியாக்கியதும் வேகம் நன்றாகக் கூடியது. ஒரே சோதனை, எதிர்மாறான பதில்: இங்கே நேரம் புள்ளிகளில்தான் போகிறது.

காரணம் நிரலிலோ அமைப்பிலோ இல்லை. அந்தப் பட்டைகள் டெக்ஸ்சராக, அதாவது பரப்பின் மேல் ஒட்டும் படமாக, வரையப்படுகின்றன. எஸ்ஐ போர்டு நிறமும் ஒளியும் கொண்ட திடப் பரப்புகளுக்காக வடிவமைக்கப்பட்டது, அதில் டெக்ஸ்சர் நினைவகம் கிடையாது. டெக்ஸ்சர் கேட்டால் அந்த வேலை முழுவதும் செயலியின் தலையில் விழும். அதே வரிசையில் எம்எக்ஸ்ஐ போர்டில் டெக்ஸ்சர் வன்பொருள் உண்டு. அவர் வாங்கி வைத்திருந்த மாற்றுப் போர்டை உறையில் இருந்து எடுக்காமலே எண்ணைப் படித்தேன். அதுவும் எஸ்ஐதான். மாட்டியிருந்தால் எதுவுமே மாறியிருக்காது.

இந்த வகை எல்லை வேறு பழைய வொர்க்ஸ்டேஷன்களிலும் உண்டு. சன் அல்ட்ரா 5-ல் போர்டோடு வரும் கிராபிக்ஸ் இருபரிமாணத்துக்கானது, அதில் ஓபன்ஜிஎல் முழுவதும் செயலியில்தான் ஓடும். சன்னின் இன்னொரு போர்டான கிரியேட்டர்3டி முக்கோணங்களை வன்பொருளில் வரையும், டெக்ஸ்சருக்கு அல்ட்ராஸ்பார்க் செயலியை நம்பும். எஸ்ஜிஐ ஓ2 இதற்கு நேர்மாறு: திரைத்தளமும் டெக்ஸ்சரும் பிரதான நினைவகத்திலேயே இருக்கும், அதனால் பெரிய டெக்ஸ்சர் அதற்குச் சுமையில்லை, நினைவகம் பற்றாக்குறை ஆனால்தான் திணறும். ஒவ்வொரு போர்டுக்கும் எது இலகு, எது கனம் என்பதைத் தெரிந்துகொண்டு நிரலை அதற்கேற்ப வளைப்பதுதான் வழி. சமவரைகளுக்கு முனை நிறங்களைப் பயன்படுத்தும் மாற்று முறை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பட்டைகளின் விளிம்பு கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஆனால் திருப்பிப் பார்க்க அது போதும். கூர்மையான படம் வேண்டும்போது பழைய முறையை இயக்கி ஒரு ஃபிரேம் மட்டும் வரைந்துகொள்கிறார்.

கிளம்பும் முன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருந்து பழைய சர்வரின் பெயரை நீக்கினேன். இல்லாத ஒன்றின் பெயர் இருக்கும் வரை வேறு எந்த ஸ்கிரிப்ட் அதை நம்பிக்கொண்டிருக்கும் என்று தெரியாது. நீக்கினால் நம்பியிருப்பவை சத்தம் போடும்.

மறுநாள் காலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது. இரவில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை ஒன்று, 'அப்படி ஒரு ஹோஸ்ட் இல்லை' என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அது பேக்கப் ஸ்கிரிப்ட். ஒவ்வொரு இரவும் அளவீடுகளை எல்லாம் 'சர்வருக்கு' நகல் எடுத்துக்கொண்டிருந்தது, அதாவது அதே ஆக்டேனின் அதே வட்டில் இன்னொரு கோப்புறைக்கு. சர்வர் போன நாளிலிருந்து அவர்களுடைய தரவுக்கு வெளியே ஒரு நகல்கூட இருந்ததில்லை. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அன்று மதியத்துக்குள் தனி வட்டு ஒன்றில் முழு நகல் எடுத்து, அதிலிருந்து பத்துக் கோப்புகளைத் திரும்பத் திறந்து பார்த்த பிறகுதான் இருவரும் எழுந்தோம்.